பழைய டைவிங் கம்ப்ரஸர்: நான்காவது மாதம்

கடலுக்கடியில் மூச்சுவிடும் சிலிண்டரில் காற்று நிரப்பும் பழைய கம்ப்ரஸர் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதன் கேஜ் முள் முதன்முறையாக 200 பாரைத் தொட்டது (ஒரு பார் என்பது ஏறக்குறைய கரையில் இருக்கும் காற்றழுத்தம்). ஆனாலும் அந்தக் காற்றில் ஒரு மூச்சுகூட நான் இன்னும் இழுக்கவில்லை.

மெஷின் ஜெர்மனியின் பாவர் ஜூனியர் வகை. மூன்று சிலிண்டர், மூன்று நிலை (காற்றை மூன்று படியாக அழுத்தும்), நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர். 12 லிட்டர் டைவிங் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 2400 லிட்டர் காற்று வேண்டும், அதாவது 24 நிமிடம். தூத்துக்குடியில் பழைய இரும்பு விலைக்கே கிடைத்தது. ஏன் அவ்வளவு மலிவு என்று ஆயிலை வடித்தபோது புரிந்தது. முன்பு வைத்திருந்தவர் வண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். அடியில் தார் மாதிரிக் கசடு.

அதிக நாள் தின்றது மூன்றாம் நிலை பிஸ்டன். சுண்டுவிரல் பருமன்தான், ரிங் கிடையாது, ஸ்லீவ் என்ற உறைக்குள் எதனோடும் பூட்டப்படாமல் மிதக்கிறது. கீழேயுள்ள பிஸ்டன் அதை மேலே தள்ளும். இரண்டாம் நிலையிலிருந்து வரும் காற்றுதான் திரும்பக் கீழே இறக்கும். என்னுடையது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தியலை எடுத்தேன். பட்டறை அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்: "தம்பி, கீறல் விழுந்தா பிஸ்டன், ஸ்லீவ் ரெண்டையும் ஜோடியா மாத்தணும். காசு இருக்கா?" இல்லை. ஒன்பது நாள் துரு நீக்கும் எண்ணெயில் ஊறப் போட்டேன். பத்தாம் நாள் கட்டை விரலால் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு த்ரீ ஃபேஸ் மோட்டார் மாட்டினேன். முதல் ஓட்டத்திலேயே ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் விஷயம்தான், ஆனாலும் பக்கத்து வீட்டுப் பையன் முன்னால் நடந்தது கொஞ்சம் அவமானம். அப்புறம் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். பயந்து நிறுத்திவிட்டேன். இரண்டாம் நிலையிலிருந்து வரும் அழுத்தம் ஏறும்வரை மிதக்கும் பிஸ்டன் அப்படித்தான் தட்டுமாம்.

உண்மையான கோளாறு சத்தமே போடாத இடத்தில் இருந்தது. ஃபில்டருக்கு அப்புறம் ஒரு வால்வு உண்டு. உள்ளே 150 பார் அளவுக்கு அழுத்தம் சேரும்வரை அது காற்றை வெளியே விடக் கூடாது. அழுத்தம் கூடக்கூடத்தான் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். மிச்ச ஈரத்தை மட்டும் ஃபில்டர் உறிஞ்சினால் போதும். என் மெஷினிலோ ஸ்டார்ட் செய்தவுடனே ஹோஸில் காற்று வந்தது. நானும் "ஆஹா, சீக்கிரம் நிரம்புகிறதே" என்று சந்தோஷப்பட்டேன்! கழற்றினால், உப்புப் பூத்து வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. சுத்தம் செய்து புது ஓ-ரிங் போட்டதும் முள் 150 வரை ஏறி, அங்கே நின்று, அப்புறம்தான் காற்றை விட்டது.

மீதி இருப்பது கார்பன் மோனாக்சைடு (எஞ்சின் புகையில் இருக்கும் விஷவாயு) சோதனை. ஐரோப்பியத் தரத்தில் பத்து லட்சத்தில் 5 பங்குதான் அனுமதி. அதற்கு வாசனை கிடையாது, மூக்கை நம்பி ஒன்றும் ஆகாது. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. விஷமும் அதே கணக்கில் வேலை செய்யும். மோட்டார் மின்சாரம் என்றாலும் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிறதே. அதனால் காற்று இழுக்கும் குழாயை மொட்டை மாடிவரை ஏற்றிக் கட்டிவிட்டேன். புது ஃபில்டரும் சோதனைக் குழாயும் வந்து சேரவேண்டும். அதுவரை இந்தக் காற்று சைக்கிள் ட்யூபுக்கு மட்டும்.