செரோவே நாட்குறிப்பு

28 செப்டம்பர் 2024, சனி

விடியுமுன் தலைநகர் காபரோனேயிலிருந்து புறப்பட்டு, பலாப்யேயில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, முற்பகலில் செரோவே வந்து சேர்ந்தோம். போட்ஸ்வானாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் இத்தனை ஆண்டுகளில், 50 பூலா பணத்தாளை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட முகம் நாட்டின் முதல் அதிபர் செரெட்செ காமாவுடையது. அவர் பிறந்த ஊரை இன்றுதான் பார்த்தேன்.

அவருடைய பாட்டனார் மூன்றாம் காமாவின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் நெடுநேரம் நின்றேன். செரெட்செயின் காதலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அவருடைய சித்தப்பா ட்செகெடியைக் கொடியவராகக் காட்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. 1925-இல் தந்தை இறந்தபோது செரெட்செக்கு 4 வயது. அவர்களுடைய குலமான பாமங்வாத்தோ மக்களின் தலைமைப் பட்டம் குழந்தைக்கு உரியதாக இருக்க, படிப்பைப் பாதியில் விட்டுவந்த ட்செகெடி, தாமே இளைஞராக இருந்த வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, அண்ணன் மகனைப் படிக்க வைத்து, ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் அனுப்பினார். அப்படி வளர்த்த பிள்ளையிடமிருந்து 1948 செப்டம்பரில், ஆங்கிலப் பெண் ஒருத்தியை மணக்கப்போவதாகக் கடிதம் வருகிறது. தலைவனின் மனைவி மக்கள் அனைவருக்கும் தாய் முறை; அவளைத் தேர்வதில் அவர்களுக்கும் சொல் உண்டு. யாரையும் கேளாமல் முடிவெடுத்தது சித்தப்பாவைச் சுட்டிருக்கும்.

29 செப்டம்பர், ஞாயிறு

இன்று அவர்களுடைய திருமண நாள். 76 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆங்கிலப் பெண் ரூத் வில்லியம்ஸ், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். பிறகு லண்டனில் லாயிட்ஸ் காப்புறுதி நிறுவனத்தில் எழுத்தர். 1947-இல் ஒரு நடன நிகழ்ச்சியில் அவருடைய சகோதரி மூலம் இருவரும் அறிமுகமானார்கள். ஜாஸ் இசையில் இருவருக்கும் இருந்த விருப்பம் பேச்சை வளர்த்தது. தேவாலயத்தில் மணக்க நினைத்தார்கள். அரசு சம்மதித்தால்தான் இடம் தரலாம் என்று லண்டன் ஆயர் தடுத்துவிட்டார். கடைசியில் கென்சிங்டன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு மணந்தார்கள்.

மாலையில் கோட்லாவின் அருகே நடந்தேன். கோட்லா என்பது ஊர் மக்கள் கூடி வழக்குரைக்கும் மன்றம். நம் ஊர் அம்பலத்தை ஒத்தது. 1949 ஜூனில் இத்தகைய மன்றத்தில்தான் செரெட்செ தம் மக்களை நேருக்குநேர் கேட்டார். எதிர்ப்பவர்கள் எழுந்திருக்கச் சொன்னபோது சிலரே எழுந்தார்கள். ஆதரிப்பவர்களை அழைத்தபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்றார்கள். காதலை மறைத்து வைத்துக்கொண்டு பதவியைக் காத்த தலைவர்கள் எத்தனையோ பேர். இவர் தம் இல்லறத்தையே ஊர் நடுவில் வைத்து, நீங்களே சொல்லுங்கள் என்று நின்றார். அந்தத் துணிவை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

30 செப்டம்பர், திங்கள்

விடுதலை நாள். தெருவெங்கும் நீலமும் கறுப்பும் வெள்ளையுமாகக் கொடிகள், "பூலா!" என்ற வாழ்த்தொலி. பூலா என்றால் மழை. இந்த வறண்ட நாட்டில் வாழ்த்துக்கும் பணத்துக்கும் அதே பெயர்.

அப்போது இந்த நாடு பிரிட்டனின் ஆளுகையில் இருந்தது. மக்கள் ஏற்றுக்கொண்ட பிறகும் லண்டன் ஏற்கவில்லை. கலப்பு மணத்தை 1949-இல் சட்டத்தால் தடை செய்த தென்னாப்பிரிக்கா, தன் எல்லைக்கு அப்பால் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு ஆள்வதைப் பொறுக்கவில்லை. அந்நாட்டின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவையாக இருந்தன. ஆராய அமர்த்தப்பட்ட குழு, திருமணம் ஒன்றைத் தவிர ஆள்வதற்குத் தகுதி அனைத்தும் செரெட்செயிடம் உண்டு என்று எழுத, அந்த அறிக்கையையே பிரிட்டிஷ் பிரதமர் அட்லியின் அரசு வெளியிடாமல் மறைத்தது. 1950-இல் பேச்சுவார்த்தை என்று லண்டனுக்கு அழைத்து, திரும்பி வரத் தடை விதித்தது. இருவரும் ஒன்றாகப் போனால் இருவரையும் தடுத்துவிடுவார்கள் என்று ஐயுற்று, கருவுற்றிருந்த ரூத் செரோவேயிலேயே தங்கிவிட்டார். வந்து ஓராண்டுகூட நிறையாத ஊரில், கணவர் நாடு கடத்தப்பட்ட நிலையில், அந்த ஆண்டு மே மாதம் முதல் மகளைப் பெற்றெடுத்தார். பொதுவாழ்வின் சுமை என்று பேசும்போது தலைவரின் பெயரையே சொல்கிறோம். அந்த மாதங்களின் சுமை பெரிதும் ரூத்தின் தோளில்தான் இருந்தது.

பின்னர் அவரும் லண்டன் சென்றார். 1956-இல், தலைமைப் பட்டத்தைத் துறந்து, சாதாரணக் குடிமக்களாக இருவரும் ஊர் திரும்பினார்கள். பட்டத்தை விட்டுக்கொடுத்தவர் மனைவியை விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பாவோடும் உறவு சீரானது. 1962-இல் கட்சி தொடங்கி, 1965-இல் தேர்தலில் வென்று, 30 செப்டம்பர் 1966 அன்று அதிபரானார். திருமண நாளுக்கு மறுநாள், சரியாக 18 ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து. மறு ஆண்டு ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டது. அது அவருடைய சொந்த பாமங்வாத்தோ நிலம். ஆயினும் கனிம உரிமை எந்த ஒரு குலத்துக்கும் இல்லாமல் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று.

1 அக்டோபர், செவ்வாய்

திரும்பும் முன், குன்றின் மேலுள்ள அரச குடும்பத்தின் இடுகாட்டை அடிவாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செரெட்செ 1980 ஜூலையில், 59 வயதில் மறைந்தார்.

வழியில் ஊரிலிருந்து அம்மா அழைத்தார். மூன்று நாளாக நான் சொல்லிவந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அவர் போன பிறகு அந்தப் பொண்ணு தன் ஊருக்கே போயிட்டாளா?" என்று கேட்டார். போகவில்லை அம்மா, அதற்குப் பிறகும் 22 ஆண்டுகள் இங்கேயே இருந்து, செஞ்சிலுவைச் சங்கப் பணியும் செய்து, 2002-இல் இறந்து, அதே குன்றில் அவருக்குப் பக்கத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார் என்றேன். அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.