சுண்ணாம்புச் சுவரில் திரை மாட்டப் போகிறவர்களுக்கு

எங்கள் ஆலயத்தில் பாட்டு வரிகளைக் காட்ட முதலில் மாட்டிய புரொஜெக்டர் திரை ஒன்பதாம் நாள் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. வார நாள் என்பதால் ஆலயத்தில் ஆள் இல்லை, யாருக்கும் அடிபடவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் பழைய ஆலயங்களில் இதே வேலையைத் தொடங்கப்போகிற சபையார் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சுவர் இரண்டடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மாட்ட வந்தவர் கான்கிரீட்டில் போடுவதுபோல டிரில்லைத் தட்டித் துளைக்கும் ஹேமர் மோடில் வைத்துத் துளைத்து, சாதாரண ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். அந்த போல்ட் உள்ளே விரிந்து சுவரை நெருக்கித்தான் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட் தாங்கும். சுண்ணாம்புக் காரை அந்த நெருக்கலில் மாவாக உதிர்ந்துவிடும். மோட்டார் திரை இருபது கிலோவுக்கு மேல். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் வேறு.

இரண்டாம் முறை நேரே சுவரில் மாட்டவில்லை. ஒன்பதடி நீளம், நாலுக்கு இரண்டு அங்குலத் தேக்குச் சட்டம் ஒன்றை ஆறு இடத்தில் கெமிக்கல் ஆங்கர் (விரியாமல் பசையால் பிடிக்கும் ஆங்கர்) போட்டுப் பிடித்து, திரையின் பிராக்கெட்டை அந்தச் சட்டத்தில் முடுக்கினோம். ஹேமரை அணைத்துவிட்டு, காரை இணைப்பில் இல்லாமல் செங்கல்லின் நடுவில் 16 மி.மீ. துளை, ஐந்து அங்குல ஆழம். தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். இதை விட்டால் பசை தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பிறகு துளைக்குள் வலைக்குழாய், அதில் பசை, அதற்குள் 10 மி.மீ. மரைக்கம்பி. ஒரு நாள் முழுக்கக் கை வைக்கவில்லை. பழைய துளைகளைச் சுண்ணாம்பாலேயே அடையுங்கள். கொத்தனார் சிமெண்ட் என்பார், விடாதீர்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. சுற்றியுள்ள பூச்சு உப்பிக்கொண்டு வரும்.

கமிட்டித் தீர்மானம் ஒரே கூட்டத்தில் முடிந்தது. மேலிடத்து அனுமதிக்குத்தான் மூன்று நடை. முதல் நடை வரைபடம் இல்லை என்று திரும்பியது, இரண்டாவது புகைப்படம் இல்லை என்று. இரண்டும் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். திரை இறங்கியிருக்கும்போது, சுருண்டிருக்கும்போது என்று இரண்டு நிலையையும் ஆல்டர் (பலிபீடம்) பக்கத்துப் புகைப்படத்தின்மேல் குறித்துக் கொண்டுபோங்கள். சிலுவை மறைகிறதா என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். எங்கள் திரையை நடுவில் வைக்காமல், பிரசங்க பீடத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவின் ஓரத்தில் வைத்தோம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் 1846ஆம் ஆண்டு செயின்ட் ஜான்ஸ் ஆலயம் போன்ற இடங்களில் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஆணிகூட அடிக்க முடியாது.

அதிகப் பணம் போனது வெளிச்சத்தில். சாயங்காலம் ஆறரை மணிக்கு 3000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டரைப் போட்டுக் காட்டினார்கள், பளிச்சென்று இருந்தது. ஞாயிறு காலை எட்டரை ஆராதனையில் எழுத்தே தெரியவில்லை. ஆல்டர் கிழக்கே இருக்கிற ஆலயம். மேல் ஜன்னல் வெயில் நேரே சபையாரின் கண்ணில் அடிக்கிறது. பக்கக் கதவுகளும் திறந்தே இருக்கும். திரை எட்டடி அகலம், நாலரை அடி உயரம் என்றால் 36 சதுர அடி. சதுர அடிக்கு 83 லூமென்தான் வருகிறது. அட்டையில் போட்டிருக்கிற அளவும் அதிகபட்ச மோடுக்கு உரியது. பெட்டி பிரித்ததைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. இப்போது 5000 லூமென் ஓடுகிறது, போதும். ஆராதனை நேரத்தில், கதவு ஜன்னல் திறந்தபடி போட்டுக் காட்டாத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

லென்ஸ் விகிதம் (திரை அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றால் எட்டடித் திரைக்குப் புரொஜெக்டரைப் பன்னிரண்டு அடி தள்ளி மாட்ட வேண்டும். அந்த இடத்தில் இருந்த தேக்கு உத்தரத்தைத் துளைக்காமல், ரப்பர் வைத்த இரண்டு பாதிக் கிளாம்பால் கவ்வி, ஜி.ஐ. பைப்பை இறக்கினோம். மின்விசிறி ஆட்டத்தில் பைப் ஆடினால் எழுத்தும் ஆடும். பக்கவாட்டில் இரண்டு கம்பி இழுத்துக் கட்டினால் நின்றுவிடும். திரைக்குப் பக்கத்து விசிறியையும் நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் துணி அலை அடிக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஓரம் இழுத்துக் கட்டிய டேப் (tab) டென்ஷன் திரையாக வாங்குங்கள். விலை கூடத்தான்.

லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குக் கேபிள் அறுபது அடி. சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் அந்தத் தூரத்துக்குப் படம் விட்டுவிட்டு வந்தது. ஒளியிழையில் ஓடும் ஆப்டிகல் கேபிள் வாங்கி, கேபிளை மறைக்கும் பட்டிக்குள் இழுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அதற்குத் திசை உண்டு: ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு. தலைகீழாக இழுத்திருந்தோம். சாரம் மறுபடி கட்டி, அரை நாள் கூலி மறுபடி. இழுப்பதற்கு முன் தரையிலேயே இரண்டு முனையையும் செருகிப் பாருங்கள்.

பாடல்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் வேறு லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம். கீர்த்தனையில் பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வர வேண்டும். பாட்டுப் புத்தகங்களைப் பெஞ்சிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கரண்ட் போய் வந்தால் புரொஜெக்டர் சூடேறி மறுபடி படம் காட்டுவதற்குள் ஒரு சரணம் முடிந்துவிடும்.