புல்லை யார் மேய்வது?

"ஆடு இனி வராது, சரி. அந்தப் புல்லை எது சார் மேயும்?" கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் பெரியவர் கேட்டார். "ஆள் வைத்து அறுத்துக்கொள்ளலாம் ஐயா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓவியப் பாறையடியில் கிடை போடுவதில்லை என்று தீர்மானித்தது ஊர்தான். நான் பாறையைக் காட்டியதோடு சரி. ஆட்டு முதுகின் உயரத்துக்கு ஒரு பட்டை, எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது. அந்த இடத்தில் செங்காவி மனிதர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே மிச்சமில்லை. மேலே இருந்தவற்றிலும் குளம்படிப் புழுதி. பார்த்தபின் யாரும் வாதாடவில்லை. யாராவது வாதாடியிருக்கலாம்.

தண்ணீர் எனக்குக் கைவந்த சங்கதி. பாறைக்குள் ஊறும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேலே வந்து காயும்போது அந்த உப்பு பூத்து, ஓவியத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவின் குகை ஓவியங்களைப் பற்றி 2021இல் வந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. மேலிருந்து வழியும் நீருக்கு, பாறை ஓவியங்கள் உள்ள ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் செய்வதுபோல, விளிம்பில் சிலிக்கோன் வரம்பு இழுத்தோம். நீர் விலகிச் சொட்டுகிறது. புல்லும் என் அறிக்கையில் இருந்தது, கடைசிப் பக்கத்தில், 'பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ்.

அடுத்த கோடையில் பாறையின் காலடிவரை இடுப்பளவு காய்ந்த புல். தீப்பிடித்தால் சூட்டில் பாறைமுகம் வெடித்துச் செதிலாக விழும். ஆடு காலமெல்லாம் உரசினாலும் ஆகாத சேதம் ஒரே மதியத்தில் ஆகிவிடும். அதே காக்கடுவில், வறண்ட பருவம் தொடங்கும்போதே அந்த மண்ணின் மக்கள் சின்னச் சின்னத் தீ வைத்துப் புல்லைக் குறைத்துவிடுகிறார்கள். சிலிக்கோனை எடுத்துக்கொண்டவன் தீயை எடுத்துக்கொள்ளவில்லை. ஓவியத்துக்குப் பக்கத்தில் தீ வைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்குத் துணிச்சல் வரும், அதையும் பார்க்க வேண்டும்.

புல்லை அறுத்தார்கள். பெரியவர் வீட்டு ஆட்கள்தான், கூலி வாங்காமல். 'ஊரே காக்கிறது' என்று நான் அறிக்கைப் படிவத்தில் எழுதியது இதைத்தான். மேய்ச்சலுக்கு அவர்கள் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதை எழுத அதில் கட்டம் இல்லை. தீப்பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த அளவில் நான் சொன்னது பலித்தது.

பாறையிலிருந்து தள்ளி ஒரு வேலி போட்டு, புழுதி எழாத ஈரப்பருவத்தில் மட்டும் ஆட்டை விட்டால் இரண்டும் நடக்கும். அதை நான் போய்ச் சொன்னால், அப்புறம் அது ஊர்த் தீர்மானமாக இருக்காது. சொல்லாவிட்டால் இந்தக் கோடையிலும் அவர்களே அரிவாளோடு வருவார்கள்.