பயோமெடிக்கலா, மெக்கானிக்கலா: சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் பார்த்தவை

பொறியியல் கவுன்சிலிங்கில் பயோமெடிக்கல், மெக்கானிக்கல் இரண்டுக்கும் நடுவே திண்டாடுகிறவர்கள், முதலில் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாவது செமஸ்டரிலிருந்து ஆறாவது வரை இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதைச் செய்ததுமே எங்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. பி.இ. பயோமெடிக்கலில் பெரும்பகுதி எலக்ட்ரானிக்ஸ்தான். உடற்கூறியலும் உடலியங்கியலும் கொஞ்சம் வரும். மற்றபடி சர்க்யூட், சிக்னல், சென்சார், மருத்துவப் படங்களைக் கையாளும் பாடங்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைகளும் சேரலாம். பயோடெக்னாலஜி முற்றிலும் வேறு படிப்பு. நுண்ணுயிர், மரபணு என்று போகும். பெயர் மயக்கத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை விருப்பப் பட்டியலில் (சாய்ஸ் ஃபில்லிங்கில்) போட்டுவிட வேண்டாம்.

எது ஒத்துவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ஈசிஜி சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் கிடைக்கும் இதய சிக்னல் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். சுற்றியுள்ள வயரிங்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதே உடம்பில் ஏறிக்கொள்கிறது. இரண்டு கைகளிலும் பொதுவாக இருப்பதைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்க வேண்டும். ஒரு எலக்ட்ரோடில் ஜெல் காய்ந்துவிட்டால் தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை இரு பக்கமும் சமமாக இருக்காது, இரைச்சல் முழுதாகக் கழியாது, கோடு தடித்துத் தெரியும். இதைத் தேடிப் பிடிப்பதில் அரைநாள் போனாலும் சலிக்காதவர் பயோமெடிக்கலுக்குப் போகலாம்.

செயற்கை முழங்கால் செய்ய ஆசைப்படுகிறவருக்கு மெக்கானிக்கல்தான் சரியான பாதை. செயற்கைக் காலுக்கான ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் 30 லட்சம் முறை சுமை ஏற்றி இறக்குகிறார்கள். விரிசல் பெரும்பாலும் கூர்மையான உள்மூலையில்தான் தொடங்கும். அங்கே தகைவு (ஸ்ட்ரெஸ்) குவிகிறது. மூலையை வளைவாக்குவது, உலோகம் தேர்வது, மெஷினிங் எல்லாமே மெக்கானிக்கல் பாடம். 2022இல் வெளிவந்த 'கதம்' முழங்காலும் 2019இல் வந்த 'அரைஸ்' நிற்கும் சக்கர நாற்காலியும் சென்னை ஐஐடியின் மெக்கானிக்கல் துறையைச் சேர்ந்த ஆய்வு மையத்தில் உருவானவை. மருத்துவக் கருவி என்றாலே பயோமெடிக்கல்தான் படிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலை விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பயோமெடிக்கல் பி.இ.யோடு நிறுத்தினால் முதல் வேலை பெரும்பாலும் மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு, காலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்ப்பது), சர்வீஸ் இன்ஜினியர் பக்கம்தான் கிடைக்கும். மருத்துவக் கருவி விதிகள் 2017 வந்த பிறகு தர ஆவணப் பணிகளும் இருக்கின்றன. வடிவமைப்பு வேலைக்கு மேற்படிப்பு ஏறக்குறைய கட்டாயம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் உண்டு. ஆனால் கேட் மதிப்பெண் வழியே ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் அதிகம் கேட்பது மெக்கானிக்கல் தாளைத்தான். அரசு வேலை முக்கியம் என்கிற குடும்பத்துக்கு இந்த ஒன்றே போதுமான காரணம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்.டெக்.கில் மருத்துவக் கருவிப் பக்கம் வரலாம். எதிர்த்திசையில் போவது கடினம்.

விருப்பப் பட்டியலில் கட்-ஆஃப் கணக்கைவிட வரிசைதான் அதிகம் காலை வாரும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டிய மதிப்பெண்ணை வைத்து, கடந்த ஆண்டு உங்கள் சமூகப் பிரிவில் அந்தக் கல்லூரியின் அந்தத் துறை எதில் முடிந்தது என்று பாருங்கள். ஆனால் 'கிடைக்காது' என்று நினைப்பதைக் கீழே தள்ளாதீர்கள். உண்மையில் வேண்டியது மேலே இருக்கட்டும். ஒதுக்கீடு வந்த பின் 'அப்வர்டு' (கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது) கொடுத்தால், கிடைத்த இடத்துக்கு மேலே உள்ளவைக்கு மட்டுமே வாய்ப்பு உண்டு. கீழே போட்டவை கைக்கு வராது.

பயோமெடிக்கலுக்கு மட்டும் கல்லூரிக்கு நேரில் போங்கள். லேபில் வென்டிலேட்டர், டிஃபிப்ரிலேட்டர், நோயாளி மானிட்டர் இருக்கின்றனவா, மாணவர்களை அவற்றைத் திறந்து பார்க்க விடுகிறார்களா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.