பதினான்கு கிலோ மூட்டை

எங்கள் வீட்டில் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பெரும்பாலான தமிழ் வீடுகளில் இருக்கும். கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் சின்னத் திரையில் எண் ஓடி நிற்கும். சென்னைக்குப் போகும்போது 23 கிலோ அனுமதி என்றால் 22.9 வரை அடைப்பது நம் வழக்கம். நூறு கிராம் மிச்சமிருந்தால் அதில் ஒரு சாக்லேட் பாக்கெட்டாவது செருகாமல் என் கணவர் ஜிப்பை மூடமாட்டார். பத்து வருஷமாக அந்த ஒரே வேலையைச் செய்த தராசுக்கு இந்த மாதம் தலைகீழ் வேலை. எதையெல்லாம் வெளியே எடுத்துப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜூன் 25, புதன்கிழமை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா. இன்னும் ஒன்பது நாள்.

டிக்கெட் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி ஏற்பாடு அதிலேயே கழிந்தது. இந்த விழாவுக்கு நினைத்த நேரத்தில் டிக்கெட் வாங்க முடியாது. முதலில் புகைப்படத்தோடு பதிவு செய்து ஓர் எண் வாங்க வேண்டும். டிக்கெட்டில் அந்தப் படம் அச்சாகி வரும், வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. ஜூனில் நடக்கும் விழாவுக்கு விற்பனை முந்தைய நவம்பரில். யார் பாடப்போகிறார்கள் என்பதுகூட அப்போது தெரியாது. 373 பவுண்டு 50 பென்ஸ், அதன்மேல் முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. முதலில் 75 பவுண்டு முன்பணம் கட்டினால் போதும், மீதி ஏப்ரலில். யார் பாடுவார் என்று தெரியாத கச்சேரிக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கமா என்று அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

போன முறை ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோய், சுற்றிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடியே நாங்கள் தோற்றோம். இந்த முறை வரிசை முறையை மாற்றியிருந்தார்கள். விற்பனை தொடங்கியதும் ஆளுக்கொரு இடம் குலுக்கல் மாதிரி விழும், பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயனில்லை. நவம்பர் 14 வியாழன் மாலை 6 மணி, கோச், அதாவது தொலைதூரப் பேருந்துப் பயணத்தோடு சேர்த்த டிக்கெட் விற்பனை. அலுவலகத் தோழர்கள் ஆறு பேர் ஆறு கணினியில் உட்கார்ந்தோம். ஒரே ஆள் ஆறு பேருக்கும் வாங்கலாம் என்பதால் எல்லோருடைய பதிவு எண்ணும் எல்லோரிடமும் இருந்தது. வரிசையில் முன்னால் விழுந்தது எங்களில் மிகவும் அலட்சியமானவனுக்கு! அவன் அந்த நேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தானாம்.

கோச் டிக்கெட்டில் ஒரு சின்னக் கொடுமை உண்டு. பொது டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தபாலில் வந்துவிடும். எங்களுக்கு லண்டன் விக்டோரியாவில் வண்டி ஏறும்போதுதான் கையில் தருவார்கள். ஆக, மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் வரை என்னிடம் இருப்பது ஒரு மின்னஞ்சல் மட்டுமே.

இவ்வளவு அடிதடி ஒரு பால் பண்ணைக்காக. பெயர்தான் கிளாஸ்டன்பரியே தவிர, விழா நடப்பது அந்த ஊரில் இல்லை. சில மைல் தள்ளி சாமர்செட்டில் பில்ட்டன் என்ற கிராமத்தில், வொர்தி ஃபார்ம் என்ற மாட்டுப் பண்ணையில். பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் 1970 செப்டம்பர் 19 அன்று முதல் விழாவை நடத்தினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்ததற்கு மறுநாள். நுழைவு ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வரவேண்டிய தி கிங்க்ஸ் வரவில்லை, பதிலுக்கு மார்க் போலனின் டிரனோசரஸ் ரெக்ஸ் வாசித்தது. வந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல், 900 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில். ஐந்து நாளைக்கு ஒரு நகரமே முளைத்து, ஆறாம் நாள் பசும்புல்லாக ஆகிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்த விழாவையும் நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். தரிசு விடுவது என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். அடுத்த ஆண்டு, 2026, தரிசு. அதனால் இந்த முறை விட்டிருந்தால் 2027தான்.

எங்கள் ஆறு பேரில் ஒருவர் மட்டும் பழைய ஆள். 90களில் வேலி தாண்டிக் குதித்த கதைகளை வைத்திருப்பவர். 2000இல் டிக்கெட் இல்லாமல் நுழைந்த கூட்டம் அளவுக்கு மீறிப் போனதால் மறு ஆண்டு விழாவே நடக்கவில்லை, 2002இல் இப்போதுள்ள பெரிய வேலி வந்தது. “நாங்கள்தான் அதற்குக் காரணம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவரிடம் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று பட்டியல் கேட்டேன். பட்டியல் தரவில்லை. “கோச் இறங்கும் இடத்திலிருந்து கூடாரம் போடும் இடத்துக்கு வெயிலில் முக்கால் மணி நேரம் நடப்பாய். வீட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் மூட்டையோடு நடந்து பார்” என்றார்.

நடந்தேன். 19 கிலோ. லண்டன் ஹாரோவில் எங்கள் தெருவை மூன்று முறை சுற்றுவதற்குள், பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பாட்டி கதவைத் திறந்து எல்லாம் சரிதானே என்று விசாரித்தார். தண்ணீர் கொடுத்தார். நான்காவது சுற்று நடக்கவில்லை.

அன்றைக்குத்தான் தராசு வெளியே வந்தது.

முதலில் போனது ஜீன்ஸ். நனைந்தால் காயாது. மடக்கு நாற்காலி போனது, இரண்டே கால் கிலோ. ஆறு டீ-ஷர்ட் மூன்றானது. வெலிங்டன் பூட்ஸ் மட்டும் பெரிய வழக்காக இழுத்தது. ஒரு ஜோடி 1.8 கிலோ. வானிலையோ தினம் ஒரு பேச்சு பேசுகிறது. 2023இல் போனவர்கள் புழுதியும் வெயிலும் என்றார்கள். 2016இல் போனவர்கள் இன்னும் சேற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இதுவரை பார்த்ததில் மோசமான சேறு என்று ஈவிஸே சொன்ன ஆண்டு அது. 2005இல் வெள்ளிக்கிழமை காலை இடியோடு கொட்டிய மழையில் சரிவின் அடியில் இருந்த கூடாரங்கள் முழுகிப்போயின. களிமண் பூமி, நீர் சீக்கிரம் இறங்காது. மேட்டில் கூடாரம் போடு என்ற பாடம் அந்தப் படங்களைப் பார்த்தாலே புரிகிறது. கடைசியில், பூட்ஸை மூட்டையில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டே போவதாகத் தீர்ப்பு. முப்பது டிகிரி வெயிலில் லண்டனில் ரப்பர் பூட்ஸோடு கோச் ஏறுபவளை யாராவது பார்த்தால், அது நான்தான்.

கூடாரம் தோழியோடு பங்கு. நான் கூடாரத்தைச் சுமக்கிறேன், அவள் அடுப்பும் பாத்திரமும். போன ஞாயிறு தோட்டத்தில் போட்டுப் பார்த்தோம். காணொளியில் ஏழு நிமிடம், எங்களுக்கு ஐம்பது. உள்கூடாரத்தைக் கட்டி முடித்த பிறகு மேல்சீலை தலைகீழாக இருப்பது தெரிந்தது. அப்புறம் குழாய் போட்டு நனைத்துப் பார்த்ததில் ஒரு தையலில் கசிவு, அதற்குப் பசை தடவியிருக்கிறோம். முளைகளை எண்ணிப் பையில் போட்டு, எண்ணிக்கையைப் பைமேலேயே எழுதியிருக்கிறேன். திரும்பும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். அங்கே விட்டுவந்த உலோக முளை, விழா முடிந்து மேய வரும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதால் பண்ணைக்காரர்கள் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறார்கள். மாட்டுக்காக என்றதும் அம்மா உடனே என் பக்கம் சேர்ந்துவிட்டார்.

அதற்கு முன்னால் அம்மா என் பக்கம் இல்லை. “வீடு வாசல விட்டுட்டு மாட்டுக் கொட்டகையில போயா படுக்கணும்?” என்றுதான் ஆரம்பம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது சரி, பாத்ரூமுக்கு என்னடி பண்ணுவ?”

நியாயமான கேள்வி. இந்த விழாவைப் பற்றி எந்தப் பெண்ணிடம் பேசினாலும் மூன்றாவது நிமிடத்தில் இங்கேதான் வந்து நிற்கிறோம். லாங் டிராப் என்று ஒன்று உண்டு. வரிசையாகத் தடுப்பு அறைகள், கூரை கிடையாது, இருக்கைக்குக் கீழே ஆழமான குழி. எட்டிப் பார்க்காதே என்பதுதான் ஒரே அறிவுரை. மேலே வானம் திறந்திருப்பதால் நாற்றம் தேங்காது, அந்த வகையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிகளைவிட மேல் என்கிறார்கள். இன்னொன்று உரக் கழிப்பறை, ஒரு கை மரத்தூளை அள்ளிப் போட்டுவிட்டு வர வேண்டும், அதற்குத்தான் வரிசை நீளமாம். நின்ற இடத்தில் ஒதுங்குவது மட்டும் கூடவே கூடாது. அத்தனை பேரின் சிறுநீரும் பண்ணை வழியே ஓடும் வொயிட்லேக் ஆற்றில் இறங்கினால் மீன் செத்துவிடும். 2012இல் விழாவுக்கு ஓய்வு விட்டபோது ஈவிஸ் சொன்ன காரணங்களில் ஒன்று, லண்டன் ஒலிம்பிக்ஸ் நடமாடும் கழிப்பறைகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் என்பது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்த மனிதர்மேல் அவருக்கு மரியாதையே வந்துவிட்டது.

எனக்கு மாதவிடாய் நாள் சரியாக வெள்ளிக்கிழமை விழுகிறது. மாத்திரை போட்டுத் தள்ளலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். மாதவிடாய்க் கப்பை இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறேன். கை கழுவத் தனியாக அரை லிட்டர் பாட்டில், நாப்கினும் வைத்திருக்கிறேன். இந்தப் பையை மட்டும் தராசில் நிறுத்தவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். அங்கே நூற்றுக்கணக்கில் கடைகள் உண்டு, பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனாலும் பயணம் என்றால் கட்டுச்சோறு இல்லாமல் எப்படிக் கிளம்புவது? புதன்கிழமைக்குப் புளிச்சாதம், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. அதைத் தவிரப் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இட்லிப் பொடி ஒரு டப்பா, தட்டை. காலையில் சூடாக்கினால் போதும் என்கிற சாதப் பாக்கெட் நான்கு. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய ஆவக்காயைக் கண்ணாடி பாட்டிலோடு வைத்திருந்தேன், நல்லவேளை விதிமுறையைப் படித்தேன். வளாகத்துக்குள் கண்ணாடிக்கு அனுமதி இல்லை, உடைந்தால் மறுபடியும் மாட்டின் வாயும் காலும். பாட்டில் 600 கிராம், ஊறுகாயைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் 150. தண்ணீர் பாட்டில் 2019 முதல் அங்கே விற்பதில்லை, குழாய்களில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு நம் எவர்சில்வர் பாட்டிலே போதும். ஃபில்டர் காபியைப் பற்றி நானும் தோழியும் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். தோற்றது நான். இன்ஸ்டன்ட்தான்.

நேர அட்டவணை வந்ததிலிருந்து அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை. வெள்ளி இரவு முதன்மை மேடையான பிரமிட்டில் தி 1975 என்ற குழு, ஞாயிறு ஒலிவியா ரோட்ரிகோ, அன்றைக்கே மாலை வெயிலில் ராட் ஸ்டூவர்ட். சனிக்கிழமை மாலை பேட்ச்வொர்க் என்று ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு குழுவை யாரும் கேள்விப்பட்டதில்லை. பல்ப்தான் மாறுவேடத்தில் வருகிறது என்று பழைய ஆள் சத்தியம் செய்கிறார். 1995இல் ஸ்டோன் ரோஸஸ் வர முடியாமல் போனபோது மாற்றாக வந்து பெயர் வாங்கிய குழு, முப்பது வருஷக் கணக்கு சரியாக வருகிறது என்பது அவர் வாதம். பத்து பவுண்டு பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பெரிய தகராறு அன்று இரவுக்கு. ஒரே நேரத்தில் பிரமிட் மேடையில் நீல் யங், அதர் ஸ்டேஜில் சார்லி எக்ஸ்சிஎக்ஸ், வெஸ்ட் ஹோல்ட்ஸில் டோச்சி. எங்களில் நான்கு பேர் சார்லி பக்கம், ஒருத்தி டோச்சி. நான் மட்டும் 79 வயது நீல் யங் பக்கம். ஜனவரியில் அவர் பிபிசியோடு முறைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று அறிவித்து, இரண்டு நாளில் வருகிறேன் என்றார். அந்த இரண்டு நாளும் நான் தூங்கிய தூக்கம் சரியில்லை.

காரணம் அண்ணன். திருச்சியில் அவன் கல்லூரி விடுதியிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டில்தான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். மூக்கால் பாடும் ஆள், ஹார்மோனிகா வேறு. மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கேட்க, டேப் ரிக்கார்டரைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருப்போம். இரண்டாம் பக்கத்தில் நாடா சிக்கி ஒரு இடத்தில் குரல் இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இழுப்புக்காகக் காத்திருக்கிறேன். விழாவைக் காட்டும் பிபிசியின் ஐபிளேயர் பிரிட்டனுக்கு வெளியே திறக்காது. சனி இரவு பத்து மணி என்றால் இந்தியாவில் ஞாயிறு அதிகாலை இரண்டரை. “அலாரம் வச்சுக்கறேன். அந்தப் பாட்டு வந்தா மட்டும் போன் போடு. நீ எதுவும் பேச வேணாம், போனைத் தூக்கிப் பிடி” என்கிறான்.

அத்தனை பேர் கூடும் வயலில் சிக்னல் கிடைக்குமா என்பது வேறு விஷயம். நான்காம் நாள் இரவு என் போனில் உயிர் இருக்க வேண்டும், என் கவலை அது. ஒரு பவர் பேங்க் இரண்டு நாளைக்கு மேல் வராது.

நேற்று இரவு கடைசியாகத் தராசில் மாட்டினேன். 14.3. பழைய ஆள் சொன்ன எல்லை பதினான்கு. இரண்டாவது பவர் பேங்கை எடுத்து மேசைமேல் வைத்தேன். 13.9. கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, இன்னும் நூறு கிராம் இருக்கிறதே, ஒரு சாக்லேட் வைக்கலாம் என்றார். அவர் மாடிக்குப் போன பிறகு தட்டை டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, பவர் பேங்கைத் திரும்ப உள்ளே வைத்தேன். சாக்லேட்டும் வைத்தேன். 14.1.