கிராமப்புறக் கவுண்டியில் ஒரு வழக்குக் கட்டைத் தேடி

சென்ற ஆண்டு என் சித்தி மகன் கிரீன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வியில் வந்து நின்றுவிட்டான். மாணவனாக இருந்த காலத்தில், மேற்கு டெக்சாஸ் நெடுஞ்சாலை ஒன்றில் அபாயகரமாக வண்டி ஓட்டினான் என்று அவனைப் பிடித்து, ஓர் இரவு கவுண்டிச் சிறையில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிப் பிரிவு) வைத்திருந்து, மறுநாள் ஜாமீனில் விட்டிருந்தார்கள். சில மாதங்கள் கழித்து வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று அப்போதைய வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னதோடு சரி; அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட அவன் கையில் இல்லை. இணையத்தில் அவன் பெயரைத் தேடினால், சிறையில் எடுத்த புகைப்படமும் கைதான தேதியும் குற்றச்சாட்டும் ஒரு வணிகத் தளத்தில் வந்து நின்றன. தள்ளுபடியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

குடியேற்றத்துறைக்கு வேண்டியது அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும், நீதிமன்ற முத்திரையிட்ட சான்று நகல். அதைத் தேடி எடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இதே நிலையில் நம்மவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கைதுப் பதிவும் வழக்குப் பதிவும் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களில் பிறக்கின்றன என்பது. கைது செய்தவரைச் சிறைக்குள் சேர்க்கும்போது பெயர், பிறந்த தேதி, கைரேகை, புகைப்படம், குற்றச்சாட்டு ஆகியவற்றை எழுதிக்கொள்ளும் புக்கிங் பதிவு, கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கு உரியது. அதற்குப் பிறகு அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தாரா, நீதிபதி என்ன உத்தரவிட்டார் என்பதெல்லாம் நீதிமன்றக் கிளார்க்கின் பொறுப்பில் இருக்கும் கட்டில் சேர்கின்றன. பல ஷெரிஃப் அலுவலகங்கள் இன்று சிறையில் இருப்பவர்களின் பட்டியலை இணையத்தில் போடுகின்றன. ஆள் வெளியே வந்ததும் பெயர் அதிலிருந்து இறங்கிவிடும். ஆனால் அது இறங்குவதற்குள் வணிகத் தளங்கள் அதைப் படியெடுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்கின்றன. வழக்கின் முடிவு வேறொரு கட்டடத்தில், வேறொருவர் கையால் எழுதப்படுவதால், அது அந்தத் தளங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. இப்படிப்பட்ட தளங்கள் தவறான அல்லது முழுமையற்ற பதிவை நீக்கவோ திருத்தவோ பணம் கேட்பதை டெக்சாஸ் 2013-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனாலும் படங்கள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. கைதுப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைப் பற்றி முடிவுக்கு வருபவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டவர் என்றே நான் கருதுகிறேன். வீடு வாடகைக்குக் கொடுப்பவரும் வேலைக்கு ஆள் எடுப்பவரும் தினமும் அதைத்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

அடுத்த கேள்வி, எந்தக் கிளார்க் என்பது. டெக்சாஸில் பெருங்குற்ற வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். அவற்றின் கட்டுகள் மாவட்டக் கிளார்க்கிடம் இருக்கும். சிறைத்தண்டனைக்கு இடமுள்ள சிறு குற்றங்கள் பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றத்துக்கும், அபராதத்தோடு முடிபவை உள்ளூர்ச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியிடமோ நகராட்சி நீதிமன்றத்துக்கோ போகும். அபாயகரமாக வண்டி ஓட்டுவதற்கு அங்கே 30 நாள் வரை சிறையும் 200 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆகவே எங்களுக்கு வேண்டியவர் கவுண்டிக் கிளார்க். மக்கள்தொகை 8,000-க்குக் குறைந்த கவுண்டிகளில் இந்த இரண்டு கிளார்க் பதவிகளையும் ஒருவரே வகிக்க மாநில அரசியலமைப்பே இடம் தருகிறது. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர்தான். நான் தேடிப் போனது அவ்வளவு சிறியது அல்ல என்றாலும், அங்கேயும் கிளார்க் ஒருவர்தான். நிலப் பத்திரம், திருமணச் சான்று, பிறப்பு இறப்பு, வழக்கு எல்லாம் அவர் மேசைக்கே வருகின்றன.

வழி தெரியாமல் நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். தகவல் உரிமை என்றதும் 1966-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. அது மத்திய அரசின் துறைகளுக்கு மட்டும் பொருந்துவது. மத்திய நீதிமன்றங்களின் வழக்கு ஆவணங்களைத் தரும் பேசர் (PACER) தளத்திலும் தேடினேன். பக்கத்துக்கு 10 சென்ட் வாங்கும் அந்தத் தளத்தில் மாநில நீதிமன்ற வழக்குகள் கிடையாது. டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டப்படி ஒரு கடிதம் எழுதிக் கிளார்க்குக்கு அனுப்பினேன். அந்தச் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது என்பது அதன் பிறகே தெரிந்தது. ஷெரிஃபிடம் கேட்பதற்கு அதே சட்டம் சரியான கருவி. கைதான ஒருவரைப் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்க முடியாது என்று அது சொல்கிறது, வேறு எதையாவது மறைக்க விரும்பும் அலுவலகம் பொதுவாகப் பத்து வேலை நாட்களுக்குள் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் கருத்தைக் கேட்க வேண்டும். நீதிமன்றக் கட்டுக்கோ சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதத் தேவையே இல்லை. கிளார்க்கிடம் பெயரையும் தேதியையும் சொல்லிக் கேட்டால் போதும்.

அந்தப் பெயர்தான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. தொலைபேசியில் இரண்டு முறை கேட்டும், அப்படி ஒருவர் பெயரில் வழக்கு இல்லை என்றே பதில் வந்தது. நம் ஊர்க் கடவுச்சீட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரையும் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயராக அச்சிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்து விசாவிலிருந்து ஓட்டுநர் உரிமத்துக்கும், உரிமத்திலிருந்து புக்கிங் தாளுக்கும் இறங்கி, கடைசியில் நீதிமன்ற அட்டவணையிலும் ஏறியிருந்தது. நானோ அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சொல்லித் தேடச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்காகத் தேடும்போது இயற்பெயர், அப்பா பெயர், இரண்டும் சேர்ந்தது, எஃப்.என்.யு. என்று எல்லா வடிவங்களையும் எழுதிக் கொடுங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கடைசியில் நேரில் போனேன். கிளார்க் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். கணினியில் பார்த்துவிட்டு இல்லை என்றார். பிறகு நான் நீட்டிய தாளில் இருந்த நான்கு பெயர் வடிவங்களையும் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தார். எழுந்து உள்ளறைக்குப் போய், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவுக்குத் தடித்த, வழக்குகளை வரிசையாகப் பதியும் டாக்கெட் பேரேடு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கைதான மாதத்திலிருந்து விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, பேரேட்டை என் பக்கம் திருப்பினார். அவன் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பக்கத்தில் வழக்கு எண். கடைசிக் கட்டத்தில், அரசுத் தரப்பின் மனுவை ஏற்று வழக்கு தள்ளுபடி என்ற ஒரு வரியும் தேதியும். கட்டைத் தேடி எடுக்க அவருக்கு அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நகலுக்குப் பக்கம் ஒரு டாலர், சான்று முத்திரைக்கு ஐந்து டாலர். முத்திரையை அழுத்தியபோது தாளில் எழும்பிய அந்த வட்டத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

வண்டியில் திரும்பி வரும்போது 1989-ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தொகுத்து வைத்திருந்த ஒருவரின் குற்றப் பதிவைப் பத்திரிகையாளர்கள் கேட்ட வழக்கு அது. நாடெங்கும் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் சிதறிக் கிடக்கும் தாள்களை ஒருவர் தேடிப் போய்ப் பார்ப்பது வேறு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டி வைத்த தொகுப்பைக் கொடுப்பது வேறு என்று நீதிபதிகள் பிரித்துச் சொன்னார்கள். அதாவது, தூரமும் சிரமமும்கூட ஒரு மனிதருக்குக் கொஞ்சம் காப்பாக இருந்தன. என் சித்தி மகன் விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. அவனைக் குறைசொல்லும் பாதி எவர் கையிலுள்ள கைபேசியிலும் இருக்கிறது. அவனை விடுவிக்கும் பாதி மட்டும் உள்ளறைப் பேரேட்டில் தூரத்தையும் சிரமத்தையும் சுமந்துகொண்டு கிடக்கிறது. நீதிமன்றக் கட்டுகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. திறப்பதென்றால் முடிவையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

வேறு மாநிலங்களில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலம் தன் பொதுத் தகவல் சட்டத்தின் பயனைத் தன் குடிமக்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொள்ளலாம் என 2013-இல் வர்ஜீனியா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து ஷெரிஃபுக்கு எழுதுவதற்கு முன் அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு, தேவையானால் அங்கே வசிக்கும் நண்பர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தள்ளுபடியான வழக்கின் பதிவுகளை, தகுதி இருந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்று அழித்துவிட டெக்சாஸில் வழி உண்டு, எக்ஸ்பங்ஷன் என்பார்கள். அழித்த பிறகும் குடியேற்றத்துறை அந்தக் கைதைப் பற்றிக் கேட்கும், சான்று நகலையும் கேட்கும். அப்போது கிளார்க்கிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. எனவே நகல்களை முதலில் எடுத்துக்கொண்டு, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகே அழிக்கும் மனுவைப் பற்றி யோசிக்க வேண்டும். நாங்கள் நான்கு சான்று நகல்கள் வாங்கினோம். ஒன்று விண்ணப்பத்தோடு போயிற்று, ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று அவனிடம், இன்னொன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எக்ஸ்பங்ஷன் மனுவில் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு அதைத் தாக்கல் செய்வதாக இருக்கிறோம்.