வன்தட்டில் வைக்கும் நிறுவல் கோப்புகள்

இயங்குதளத்தை நிறுவுவதற்கான கோப்புகளைப் பென்டிரைவில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, அது உண்மையாகவே தேவைப்படும் நாளில்தான் வீட்டில் யாரோ அதை அழித்துவிட்டுத் திருமணக் காணொளியை ஏற்றியிருப்பது தெரியவரும். ஆகவே அக்கோப்புகளின் ஒரு படியைக் கணினியின் வன்தட்டிலேயே, இயங்குதளம் இருக்கும் பிரிவுக்கு (பார்ட்டிஷனுக்கு) வெளியே, வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கோப்பைப் போட்டு வைப்பது பாதி வேலைதான். கணினி தொடங்க மறுக்கும்போது அந்தக் கோப்பை எதைக் கொண்டு இயக்கப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

விண்டோஸ் 98 காலத்தில் இந்தப் பழக்கம் தேவையின் பொருட்டே வந்தது. ஒரு பிரிண்டரைச் சேர்த்தாலும், நெட்வொர்க் அமைப்பை மாற்றினாலும், சிடியைப் போடச் சொல்லிக் கணினி கேட்கும். சிடி கையில் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால் கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவர்களில் பலர், சிடியிலிருந்த ‘வின்98’ கோப்புறையை அப்படியே வன்தட்டுக்கு நகலெடுத்து, நிறுவலையும் அங்கிருந்தே தொடங்கினார்கள். எங்கிருந்து நிறுவப்பட்டோம் என்பதை விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளுமாதலால், பிறகு அது தனக்கு வேண்டிய கேப் கோப்புகளை (சுருக்கிக் கட்டிய நிறுவல் கோப்புகளை) அந்தக் கோப்புறையிலிருந்தே எடுத்துக்கொண்டது.

2001இல் வந்த எக்ஸ்பியில் அந்த இடத்தை ‘ஐ386’ கோப்புறை பிடித்தது. அளவு ஏறக்குறைய 500 எம்பி. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து தொடங்க ‘வின்என்டி32’ என்ற நிரலும், விண்டோஸுக்கு முந்தைய, கட்டளைகளால் இயங்கும் டாஸிலிருந்து தொடங்க ‘வின்என்டி’ என்ற நிரலும் அதற்குள் இருந்தன. விண்டோஸ் படுத்துவிட்டால் டாஸ் ஃபிளாப்பியே கதி. வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளில் ஒன்றான என்டிஎஃப்எஸ் முறையிலுள்ள பிரிவை டாஸுக்குப் படிக்கத் தெரியாது; எனவே ஐ386 கோப்புறையைப் பழைய முறையான ஃபேட்32 பிரிவில்தான் வைத்திருக்க வேண்டும். தட்டிலிருந்து படிப்பதை நினைவகத்தில் தேக்கி வேகப்படுத்தும் ‘ஸ்மார்ட்டிரைவ்’ நிரலை முதலில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் கோப்புகளை நகலெடுக்கும் கட்டம் மணிக்கணக்கில் இழுக்கும்.

விஸ்டாவிலிருந்து நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்குப் பதிலாக, முழு இயங்குதளமும் ‘விம்’ வகையைச் சேர்ந்த ஒரே பெரிய கோப்பில் வரத் தொடங்கியது. நிறுவலைத் தொடங்கிவைக்கும் சிறிய விண்டோஸ் முழுவதும் நினைவகத்தில் ஏறி, எக்ஸ் என்ற டிரைவ் எழுத்துடன் ஓடுவதால், சி டிரைவைத் தயக்கமின்றி ஃபார்மட் செய்யலாம். கணினியிலேயே மறைந்திருக்கும் மீட்புச் சூழலும் இதே வகையைச் சேர்ந்ததுதான். விண்டோஸ் அடுத்தடுத்துத் தொடங்கத் தவறினால் அது தானாகவே எட்டிப் பார்க்கும். அங்கே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, டி டிரைவில் முன்பே பிரித்து வைத்த ஐஎஸ்ஓவின் (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகலின்) ‘சோர்சஸ்’ கோப்புறையிலுள்ள ‘செட்டப்’ நிரலை இயக்கினால் போதும். பிரித்து வைப்பது முக்கியம், ஏனென்றால் வழக்கமான விண்டோஸில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும் ஐஎஸ்ஓ அங்கே திறக்காது. டிரைவ் எழுத்துகளும் அங்கே மாறியிருக்கக்கூடும். ‘நோட்பேட்’ என்று தட்டச்சு செய்து, அதன் ஓப்பன் சாளரத்தில் எந்த டிரைவில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த குறுக்கு வழி. பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டுப் போட்ட டிரைவாக இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதையும், அந்தச் சாவியை அதே டிரைவில் சேமித்து வைப்பதில் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் லினக்ஸ் பக்கம் ஏற்பாடு இன்னும் நேர்த்தியானது என்பேன். கிரப் என்னும் தொடக்க நிரல், லினக்ஸின் எக்ஸ்ட்4 பிரிவுகளையும் என்டிஎஃப்எஸ் பிரிவுகளையும் தானே படிக்கும். ‘லூப்பேக்’ கட்டளையைக் கொடுத்தால் ஐஎஸ்ஓவைப் பிரிக்காமலே அதற்குள் புகுந்து கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) எடுத்துக்கொள்ளும். ‘40_கஸ்டம்’ என்ற கோப்பில் சில வரிகளைச் சேர்த்துக் கிரப்பைப் புதுப்பித்துவிட்டால், தொடக்கப் பட்டியலில் உபுண்டு நிறுவியும் ஒரு வரியாக நின்றுவிடும். ஐஎஸ்ஓ எங்கே இருக்கிறது என்பதைக் கிரப்புக்குச் சொன்னால் மட்டும் போதாது. ‘ஐஎஸ்ஓ-ஸ்கேன்’ என்று தொடங்கும் அளபுருவின் வழியாகக் கெர்னலுக்கும் சொல்ல வேண்டும், இல்லையேல் கெர்னல் ஏறிய பிறகு தன் மற்றக் கோப்புகளைக் காணாமல் பாதி வழியில் நின்றுவிடும். டெபியனில் இதற்கென்றே ‘எச்டி-மீடியா’ என்ற பெயரில் தனிக் கெர்னலும் அதன் துணைக் கோப்பும் தருகிறார்கள். அவை வன்தட்டில் ஐஎஸ்ஓவைத் தாமே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

ஐஎஸ்ஓ இருக்கும் பிரிவு நிறுவல் முடியும்வரை பயன்பாட்டில் இருக்குமாதலால், முழுத் தட்டையும் அழித்து நிறுவும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிரிவுகளை நாமே கையால் ஒதுக்க வேண்டும். அந்தச் சேமிப்புப் பிரிவு ஃபேட்32ஆகவும் இருக்க முடியாது, ஏனெனில் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, உபுண்டு 24.04இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவோ 5 ஜிபிக்கும் மேல். பதிவிறக்கிய அன்றே, கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது.

வன்தட்டே பழுதானால் இவை அனைத்தும் அதனோடு போய்விடும் என்பதால், பென்டிரைவை நான் கைவிடச் சொல்லவில்லை. இரண்டிலும் நிறுவல் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே அந்தக் கணினிக்கான வைஃபை டிரைவரையும், 11ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய மடிக்கணினியாக இருந்தால் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) டிரைவரையும் வைத்துவிடுங்கள். விஎம்டி இயக்கப்பட்டிருக்கும் கணினியில் அந்த டிரைவர் இல்லாவிட்டால், விண்டோஸ் 10 நிறுவியின் பட்டியலில் எஸ்எஸ்டி தென்படாமலே போகலாம்.